துடுப்பைக் காதில் வைத்தால் என்ன கேட்கும்? (பாம்பன் கரை, ஒலிக்கலை முயற்சி)

மைக்செட் மகன் | ஏப்ரல் 6, இரவு 10:14

வணக்கம். எனக்குத் தங்கச்சிமடம். அப்பா முப்பது வருடமாக மைக்செட் வாடகைக்கு விடுகிறார். முளைப்பாரி, சந்தனக்கூடு, சந்தியாகப்பர் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் எங்கள் வீட்டுக் குழாய்தான் அலறும். நான் டிப்ளமோ முடித்துவிட்டுப் பாதி நாள் அந்தத் தொழில், பாதி நாள் செல்போன் சர்வீஸ்.

போன மாதம் சும்மா ஒரு வேலை செய்து பார்த்தேன். 27 மில்லிமீட்டர் பீசோ வில்லை (அதிர்ந்தால் மின்சாரம் தரும் சின்னத் தகடு) ஒன்றில் ஒயரைப் பற்றவைத்து, மேலே அரால்டைட்டைக் கனமாகப் பூசிக் காயவைத்து, மாமாவின் வத்தையிலிருந்து தண்ணீருக்குள் இறக்கினேன். இயர்போனை மாட்டியதும் எங்கோ ஷார்ட் ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போல ஒரே சடசடப்பு. வில்லையை மேலே இழுத்தால் நிற்கிறது, இறக்கினால் மறுபடி பொரிகிறது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இதை வைத்து ஊர்க்காரர்கள் வந்து கேட்கிற மாதிரி ஏதாவது செய்ய ஆசை. யூடியூபில் போடுவதற்கு இல்லை. குரோஷியாவில் கடல் அலையே வாசிக்கும் ஒரு படிக்கட்டு இருப்பதாகப் பார்த்தேன். அது போல நம் பக்கம் கட்ட முடியுமா? 15ஆம் தேதி தடைக்காலம் தொடங்கினால் கடல் அமைதியாக இருக்கும், பதிவு செய்ய வசதி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடல்படிப்பு | ஏப்ரல் 6, இரவு 11:02

ஷார்ட் இல்லை தம்பி. அது ஒரு வகைச் சிறு இறால், சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருக்கும். அதைப் படாரென்று மூடும்போது தண்ணீர் பீய்ச்சியடிக்கும், அந்த வேகத்தில் ஒரு குமிழி உண்டாகிச் சுருங்கி வெடிக்கும். சத்தம் அந்தக் குமிழியுடையது. கொடுக்கு இரண்டும் மோதும் சத்தம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2000இல் அதிவேகக் கேமரா வைத்துப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடிக் காது கொடுத்தவர்களுக்கும் இந்த இறால் பெரிய தலைவலியாக இருந்தது.

நீங்கள் கேட்டது ஒன்றிரண்டு இறால் இல்லை, ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில். பக்கத்தில் பார், அதாவது பவளப் பாறை, இருந்திருக்கும், சரிதானா?

மைக்செட் மகன் | ஏப்ரல் 6, இரவு 11:20

சரிதான் அண்ணே. பாக் விரிகுடாப் பக்கம், கரையை ஒட்டி ஓடுகிற பார். மன்னார் வளைகுடாப் பக்கம் போகவில்லை.

கடல்படிப்பு | ஏப்ரல் 6, இரவு 11:31

போகாததே நல்லது. அந்த 21 தீவும் 1986இலிருந்து தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஒயரைத் தொங்கவிட்டால் உங்கள் கலை நீதிமன்றத்தில்தான் அரங்கேறும்.

கச்சான் | ஏப்ரல் 7, காலை 6:48

படிக்கட்டு வாசிக்கிற கதையை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் இருப்பது பெண் கடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் அங்கே அலை என்று ஒன்று இருக்குமா? குளம் மாதிரி கிடக்கும். வாடைக்காற்று வந்தால் ஆடும், அப்போது மழையில் யார் உட்கார்ந்து கேட்பது? சரி, ஆண் கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் கட்டலாம் என்றால் அங்கே மணல் ஒரு வருடம் இருந்த இடத்தில் மறு வருடம் இல்லை. குழாய்க்குள் மணல் ஏறும், சிப்பி ஒட்டும், அடுத்த கோடைக்கு ஊமையாகிவிடும்.

அப்புறம் தடைக்காலத்தில் கடல் அமைதி என்று எழுதியிருக்கிறீர்கள். விசைப்படகுக்குத்தான் 61 நாள் தடை. நாட்டுப்படகு போகத்தான் செய்யும். கரைக்குப் பக்கத்தில் அதிகம் இரைவது எங்கள் வள்ளத்து எஞ்சின்தானே. மாமா வத்தை வைத்திருக்கிறார் என்கிறீர்கள், இது கூடவா தெரியாது?

மைக்செட் மகன் | ஏப்ரல் 7, காலை 7:30

திட்டுங்கள் அண்ணே, தேவைதான். நான் கடலுக்குப் போனதே பத்து தடவைக்குள். அப்பா என்னை ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே வளர்த்துவிட்டார்.

ஓவிய வாத்தியார் | ஏப்ரல் 7, மதியம் 1:15

பரமக்குடிப் பக்கம் பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறேன். தம்பி சொல்லும் படிக்கட்டு இருப்பது சாதர் என்ற ஊரில். நிக்கோலா பாஷிச் என்ற கட்டடக் கலைஞர் 2005இல் கட்டினார். எழுபது மீட்டர் நீளத்தில் 35 குழாய்கள். அலை உள்ளே தள்ளும் காற்று குழாய் வழியே ஊதி வெளியேறுகிறது. கச்சான் சொன்னது போல அதற்குக் கல் கட்டிய கரையும் ஓயாத அலையும் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 1986இலேயே இப்படி ஒன்று செய்தார்கள். அதுவும் கடல் ஏறி நிற்கும் நேரத்தில்தான் ஒழுங்காகக் கேட்கும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடாது.

தம்பி பார்க்க வேண்டியவர் வேறு ஒருவர். நார்வேயைச் சேர்ந்த யானா விண்டெரென். கணிதம், வேதியியல், மீன்களின் சூழலியல் எல்லாம் படித்துவிட்டுக் கலைக்கு வந்தவர். பனிப்பாறை வெடிப்புக்குள்ளும் பவளப் பாறைக்குள்ளும் நீர்க்கேட்பியை (தண்ணீருக்குள் கேட்கும் மைக்) இறக்கி, அங்கே கிடைப்பதைக் கோத்து இருட்டறையில் ஒலிக்கவிடுவார். 2011இல் ஆஸ்திரியாவில் ஆர்ஸ் எலெக்ட்ரானிகா என்ற மின்னணுக் கலை விழாவின் தங்க நிக்கா விருது கிடைத்தது. அவர் வேலையில் பார்ப்பதற்கு எதுவுமே இருக்காது. உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் மேற்கத்தியச் சரக்கு என்று யாராவது தொடங்குவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1966இல் நியூயார்க்கில் ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க்கும் பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி க்ளூவரும் கலைஞர்களையும் பொறியாளர்களையும் ஜோடி சேர்த்து ஒன்பது இரவு நிகழ்ச்சி நடத்தினார்கள். அதில் பங்கெடுத்த டேவிட் டியூடர் 1969இல் அகமதாபாத் வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மோக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியோடு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். நம் ஆட்களும் அதில் உட்கார்ந்து ஒலிநாடாக்கள் பதிவு செய்தார்கள். அப்புறம் அந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் அலமாரியில் தூங்கின. ஆக மைக்செட்காரர் மகனுக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க யாருக்கும் அருகதை இல்லை.

வெட்டிப்பேச்சு | ஏப்ரல் 7, மாலை 5:05

டீசல் விலை ஒரு பக்கம், எல்லையில் படகைப் பிடித்துக்கொண்டு போவது ஒரு பக்கம். இதில் இறால் கொடுக்கு மூடுகிற சத்தம் கேட்பது கலையாம். ஏசி அறையில் கேட்கிறவனுக்குக் கலை, எங்களுக்கு இறால் கிலோ என்ன விலை என்பதுதான் பேச்சு.

கச்சான் | ஏப்ரல் 7, மாலை 6:20

இதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

என் அப்பா தண்டு வலித்துத் தொழில் பழகியவர். எஞ்சின் வருவதற்கு முன்னால் இரவில் கத்தாளை மீன் தேடிப் போனால், ஒரு இடத்தில் வலிப்பதை நிறுத்திவிட்டுத் துடுப்பைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கி, பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்துவார்களாம். கத்தாளைக் கூட்டம் இருந்தால் தவளை கத்துவது போலவும் மத்தளத்தில் விரலை ஓட்டுவது போலவும் கேட்கும். எந்தப் பக்கம் கூடுதலாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் நகர்ந்து மறுபடி கேட்பார்கள். அப்புறம்தான் வலை. அப்பாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது பெரியப்பா. எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் தடதடக்கும் வள்ளத்தில் துடுப்பில் என்ன கேட்கும்?

அதனால் சத்தம் கேட்பது ஏசி அறைக்காரன் சமாசாரம் என்று சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் அது சோறு போட்டது.

ஈயப்பற்று | ஏப்ரல் 7, இரவு 9:40

கச்சான், இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் சொல்கிறேன். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல். ஆனால் தண்ணீரிலிருந்து காற்றுக்கு ஏறும்போது மேற்பரப்பில் ஏறக்குறைய முழுவதும் திரும்பி அடிக்கப்படும். ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். அதனால்தான் படகில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கடல் ஊமை. மரம் அப்படி இல்லை, தண்ணீரிலிருந்து மரத்துக்கு ஒலி சுலபமாக ஏறிவிடும். மரத்திலிருந்து எலும்புக்கு, எலும்பிலிருந்து உள்காதுக்கு. உங்கள் பெரியப்பா பேட்டரி இல்லாமல் ஒரு நீர்க்கேட்பி வைத்திருந்திருக்கிறார்.

மைக்செட் தம்பிக்கு: பீசோ வில்லையை நேராகச் செல்போனிலோ சாதாரண மைக் இன்புட்டிலோ செருகினால் அடிச்சத்தம் எல்லாம் வடிந்துபோகும். பீசோவின் மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) மிக அதிகம். நடுவில் ஒரு எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்) போட்ட சின்ன முன்பெருக்கி வையுங்கள். நீங்கள் இறாலை மட்டும் கேட்டதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். கத்தாளை கத்துவது தாழ்ந்த ஒலி, உங்கள் ஒயரிலேயே அது செத்துப்போயிருக்கும். ஒயரும் கவசம் போட்ட மைக் ஒயராக இருக்கட்டும்.

கடல்படிப்பு | ஏப்ரல் 7, இரவு 10:12

கூடவே ஒன்று. பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள்தான். இவ்வளவு ஆழம் குறைந்த இடத்தில் தாழ்ந்த ஒலி வெகுதூரம் போகாது. கத்தாளை வேண்டுமென்றால் கூட்டத்துக்குப் பக்கத்தில் போயாக வேண்டும். அது வயிற்றுக்குள் இருக்கும் நெட்டியை (காற்றுப்பை)த் தசையால் அதிரவைத்துத்தான் கத்துகிறது. பல கத்தாளை இனங்கள் பொழுது சாயும் நேரத்திலும் இரவிலும்தான் நிறையச் சத்தம் போடும், இனம் பெருக்குகிற காலத்தில் இன்னும் அதிகம்.

தடைக்காலத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ராமேசுவரத்தில் விசைப்படகு போவது வாரத்தில் மூன்று நாள்தானே. போகிற நாளிலும் போகாத நாளிலும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பதிவு செய்தாலே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

கீழக்கரையான் | ஏப்ரல் 8, காலை 8:05

எங்கள் அப்பாவோட வாப்பா சங்கு குளித்தவர். முங்கி முங்கிக் காது போனவர்கள் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். பெரிய சங்கு ஒன்றுக்குள் சின்ன ஸ்பீக்கரை வைத்தால் என்ன? பார்க்கவும் அழகாக இருக்கும்.

ஓவிய வாத்தியார் | ஏப்ரல் 8, காலை 10:30

காக்கா, மன்னிக்க வேண்டும். சங்கைப் பார்த்ததும் எல்லோரும் கடல் சத்தம் என்று சொல்லிவிடுவார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள். சங்குக்குள் கேட்கும் இரைச்சலும் கடல் இல்லையே. சுற்றியிருக்கும் சத்தம்தான் உள்ளே சுழன்று பெரிதாகிறது. வெறும் டம்ளரைக் காதில் கவிழ்த்தாலும் அதே இரைச்சல் வரும். தனுஷ்கோடிக் கடையில் விற்கிற பொருளாக இது ஆகிவிடக் கூடாது.

கீழக்கரையான் | ஏப்ரல் 8, காலை 10:52

டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தேன். சரிதான். சங்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஈயப்பற்று | ஏப்ரல் 8, மாலை 4:18

வேறு ஒரு யோசனை. பாம்பன் காற்றுக்குப் பேர்போன இடம். பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். காற்றின் வேகத்தை அளந்து அந்த எண்களை அப்படியே சுரங்களாக மாற்றினால்? வேகம் ஏற ஏறச் சுருதி ஏறும். 58இல் ஒரேயடியாக நிசப்தம். 2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ரயில் நின்றுவிட்டது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்துவிட்டது. பழைய பாலத்துக்கு ஒரு அஞ்சலி மாதிரி இருக்கும்.

ஓவிய வாத்தியார் | ஏப்ரல் 8, மாலை 6:40

58இல் நிசப்தம் என்பது நல்ல கற்பனை. இதற்கு முன்னோடியும் உண்டு. அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் ஊர் அருங்காட்சியகத்தில் ஜான் லூதர் ஆடம்ஸ் என்ற இசையமைப்பாளர் 2006இல் ஒரு அறை அமைத்தார். நில அதிர்வு, சூரியன் நிற்கும் இடம், துருவ ஒளியால் பூமியின் காந்தப்புலத்தில் வரும் மாற்றம் எல்லாம் அந்தந்த நேரத்துக்கு ஒலியாக மாறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் எனக்கு இந்த வகையில் ஒரு உறுத்தல். எண்ணை எந்தச் சுரத்துக்குக் கட்டுவது என்பது செய்கிறவர் கையில் இருக்கிறது. வெங்காய விலையைக் கட்டினாலும் ஒரு ராகம் வரும். ஆடம்ஸ் வருடக்கணக்கில் அந்தக் கட்டுமானத்தோடு மல்லுக்கட்டியவர், அதனால் நிற்கிறது. பலர் செய்வது வரைபடத்துக்கு வளையல் மாட்டிவிடுகிற வேலை.

கச்சான் | ஏப்ரல் 8, மாலை 7:02

காற்று எவ்வளவு என்று பனை ஓலையே சொல்கிறது. அதற்கு ஒரு கம்ப்யூட்டரா?

சின்னப்பாலம் | ஏப்ரல் 9, இரவு 8:33

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் படகின் மேலிருந்து கேட்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் அம்மா கடல்பாசி எடுக்கிறவர். கண்ணில் கண்ணாடி, விரலெல்லாம் துணி சுற்று, இடுப்பில் பை, அப்படியே முங்குவார். இருபது வருடத்துக்கு மேலாகத் தலை தண்ணீருக்குள்தான்.

மைக்செட் அண்ணன் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “இதுக்குப் போயி ஒயர விட்டானா? பொரியுற சத்தந்தான? உசுரோட இருக்குற பாருன்னா பொரிஞ்சிக்கிட்டே கெடக்கும். செத்த பாருல போயி முங்குனா கப்புன்னு இருக்கும், காது அடச்ச மாதிரி” என்றார். அதோடு, தூரத்தில் எஞ்சின் வந்தால் முங்கியிருக்கும்போது எந்தத் திசை என்றே தெரியாதாம், தலைக்குள்ளேயே இரைவது போல இருக்குமாம். அந்தப் பயத்தில் பல தடவை பாதியில் எழுந்து நின்றிருக்கிறார்.

இந்த ஒலியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, கேட்டவர்களிடம் யாராவது கேட்டோமா?

கடல்படிப்பு | ஏப்ரல் 9, இரவு 9:50

தங்கச்சி, அம்மா சொன்ன இரண்டும் அப்படியே அறிவியல். திசை தெரியாததற்குக் காரணம், தண்ணீரில் ஒலி இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு காதுக்கும் இடையில் வரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசை கணக்குப் போடுகிறது.

செத்த பார் விஷயத்தில் 2019இல் ஒரு ஆய்வு வெளியானது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், செத்த பவளத் துண்டுகளைக் குவித்து, பக்கத்தில் நீருக்கடி ஒலிபெருக்கி வைத்து, உயிருள்ள பாரின் சத்தத்தை 40 நாள் ஒலிக்கவிட்டார்கள். சத்தம் இல்லாத குவியலைவிட இரண்டு மடங்கு மீன் வந்து தங்கியது. மீன் குஞ்சு சத்தத்தைக் கேட்டுத்தான் வீடு தேடுகிறது. மீன் வந்தால் பவளம் பிழைத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள், தண்ணீர்ச் சூட்டை ஸ்பீக்கர் குறைக்காது. நம் பக்கமும் 2010, 2016 இரண்டிலும் பவளம் வெளுத்தது.

வெட்டிப்பேச்சு | ஏப்ரல் 9, இரவு 10:15

செத்த பாருக்கே மைக்செட் கட்டியிருக்கிறார்களா! தம்பி, அப்பாவிடம் சொல்லுங்கள், புதுத் தொழில் இருக்கிறது.

மைக்செட் மகன் | ஏப்ரல் 10, அதிகாலை 1:26

சின்னப்பாலம் தங்கச்சி எழுதியதை நாலு தடவை வாசித்தேன். கோபம் நியாயம். நான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தது உங்கள் அம்மாவுக்குத் தினசரி சங்கதி. அம்மா கூப்பிட்டால் வருகிறேன், எந்த இடத்தில் வில்லையை இறக்க வேண்டும் என்று அவரே காட்டட்டும்.

இன்னொன்றும் தோன்றியது. பீசோ வில்லை இரண்டு பக்கமும் வேலை செய்யும். அதிர்ந்தால் மின்சாரம் தரும், மின்சாரம் தந்தால் அதிரும். மைக்காகவும் ஸ்பீக்கராகவும் ஒன்றே. அப்படியானால் துடுப்பும் அப்படித்தானே? தண்ணீரிலிருந்து காதுக்குக் கொண்டுவந்த துடுப்பையே ஒலிபெருக்கியாக்கிவிட்டால்? மேசையில் ஒட்டினால் மேசையே பாடுமே, அந்த அதிர்வி ஒன்றைத் துடுப்பின் இலையில் பொருத்திவிடுவது. அறையில் ஒரு சத்தமும் கேட்கக் கூடாது. பிடியை எலும்பில் அழுத்துகிறவருக்கு மட்டும் கடல்.

ஓவிய வாத்தியார் | ஏப்ரல் 10, காலை 7:10

தம்பி, இதுதான். குழாய், படிக்கட்டு, சங்கு எல்லாவற்றையும் விடு. 2018 கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில் ஷில்பா குப்தாவின் ஒரு வேலையைப் பார்த்தேன். இருட்டில் நூறு மைக் தொங்கும், ஒவ்வொன்றின் கீழும் கம்பியில் குத்திய ஒரு தாள். சிறையில் போடப்பட்ட நூறு கவிஞர்களின் வரிகள். மைக் நம் பேச்சை வாங்காது, அதுவே பேசும், ஒலிபெருக்கியாகத் திருப்பப்பட்டிருந்தது. வாங்குகிற பொருள் கொடுக்கிற பொருளாகத் திரும்பும்போது ஆளை ஏதோ செய்கிறது. உன் துடுப்பிலும் அது இருக்கிறது. விளக்கப் பலகை மட்டும் வைத்துவிடாதே.

ஈயப்பற்று | ஏப்ரல் 10, காலை 9:00

அதிர்வியை அலுமினியத் தகட்டோடு திருகி மாட்டுங்கள், பசை இந்தக் கரையின் ஈரத்துக்கு நிற்காது. பழைய துடுப்பாக இருந்தால் நல்லது, உலர்ந்த மரம்.

கச்சான் | ஏப்ரல் 10, காலை 9:25

துடுப்பு நான் தருகிறேன். பரணில் மூன்று கிடக்கின்றன, ஒன்று பெரியப்பாவுடையது.

மைக்செட் மகன் | மே 3, இரவு 9:15

இடைக்கால அறிக்கை. சின்னப்பாலம் தங்கச்சியின் அம்மாவும் இன்னும் இரண்டு அக்காக்களும் இடம் காட்டினார்கள். உயிருள்ள பார் ஒன்று, செத்தது ஒன்று, நடுவில் ஒரு கல் எறிகிற தூரம்கூட இல்லை. செத்ததில் அவர் சொன்னபடியே கப்பென்று இருந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொடுக்கு. அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் தொண்டை அடைக்கிறது.

கத்தாளை ஒன்பது இரவு போக்குக் காட்டியது. முன்பெருக்கி மாற்றி, கச்சான் அண்ணனோடு எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்து, பத்தாவது இரவு கிடைத்தது. கேட்டதும் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. இயர்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ஒரு இரவு கரையில் இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். இந்தக் கடலில் ராத்திரியில் ஒயரும் பெட்டியுமாக அலைந்தால் கேட்காமல் விடுவார்களா? இயர்போனை அவர்கள் காதிலேயே மாட்டிவிட்டேன். பத்து நிமிடம் கேட்டுவிட்டு, “வீட்டுக்குப் போப்பா” என்றார்கள்.

சின்னப்பாலம் | மே 3, இரவு 9:40

அம்மா கேட்கச் சொன்னது: எஞ்சின் சத்தத்தையும் ஒரு துடுப்பில் போடுவீர்களா? அது இல்லாமல் போட்டால் பொய்யாம்.

மைக்செட் மகன் | மே 3, இரவு 9:58

போடுகிறேன் தங்கச்சி. செத்த பார்த் துடுப்பில், நடுவில் திடீரென்று எஞ்சின் வரும்.

மைக்செட் மகன் | ஜூன் 8, இரவு 11:47

நேற்றுச் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை, எங்கள் ஊர் வலை பின்னும் கொட்டகையில் நடந்தது. உத்திரத்திலிருந்து மூன்று துடுப்புகளைக் கயிற்றில் தொங்கவிட்டோம். பலகை இல்லை, பெயர் இல்லை. முதல் அரை மணி நேரம் பிள்ளைகள் மட்டும், ஊஞ்சல் என்று நினைத்துவிட்டார்கள். அப்புறம் பாசி எடுக்கும் அக்காக்கள் பதினோரு பேர் வந்தார்கள். ஒருவர் பிடியைக் காதில் வைத்ததுமே பாரின் பெயரைச் சொன்னார். எந்த இடம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எஞ்சின் வந்தபோது மூன்று பேர் சட்டென்று தலையை எடுத்துவிட்டார்கள். கொட்டகைக்குள் நிற்கிறோம் என்பதே அவர்களுக்கு ஒரு நொடி மறந்துவிட்டது.

மீதியைக் கச்சான் அண்ணன் எழுதட்டும்.

கச்சான் | ஜூன் 9, காலை 6:30

அப்பாவைக் கூட்டிப்போவதா என்று யோசித்தேன். நாற்பது வருட எஞ்சின், காது மந்தம். செல்போன் மணி கேட்காது, பேத்தி பேச்சு கேட்காது. வந்து ஏமாந்து போவாரோ என்று பயம்.

முதல் துடுப்பைப் பிடித்தார். இறால் பொரிவது அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. “சும்மா இருக்கு” என்றார். செத்த பாரிலும் சும்மா. பெரியப்பாவின் துடுப்பு மூன்றாவது. அதைத் தடவிப் பார்த்து, பிடியில் இருந்த வெட்டுக் காயத்தை விரலால் கண்டுபிடித்தார். பிறகு காதுக்குப் பின்னால் வைக்காமல் பல்லில் கடித்துக்கொண்டார். நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். வரிசையில் ஆட்கள் இருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் துடுப்பை மெல்ல இடதுபக்கம் திருப்பினார். கூட்டம் எந்தப் பக்கம் என்று தேடுகிறார். கொட்டகைக்குள் நின்றுகொண்டு.

கடல்படிப்பு | ஜூன் 9, காலை 8:12

இறால் கேட்காமல் கத்தாளை கேட்டதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் சத்தம் காதைக் கெடுக்கும்போது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். இறாலின் சொடுக்கு அங்கே இருக்கிறது. கத்தாளை வெகு தாழ்வில், அந்தப் பகுதி பெரும்பாலும் கடைசிவரை கொஞ்சம் மிஞ்சும். பல்லில் கடித்தது அவருடைய அனுபவம். பல் வழியாகவும் ஒலி உள்காதுக்குப் போகும்.

ஓவிய வாத்தியார் | ஜூன் 9, மாலை 5:45

முந்தாநாள் வர முடியவில்லை, பள்ளியில் சேர்க்கை வேலை. அந்தத் துடுப்பு திரும்பிய திசையை மட்டும் வரைந்து வைக்கலாம் என்று இருக்கிறேன். கச்சான், அப்பாவிடம் அனுமதி கேட்டுச் சொல்லுங்கள்.

ஈயப்பற்று | ஜூன் 9, இரவு 8:20

அதிர்வி திருகு தாங்கியதா? படத்தில் செத்த பார்த் துடுப்பில் துரு தெரிகிறதே.

மைக்செட் மகன் | ஜூன் 9, இரவு 8:41

அஞ்சு வாரத்தில் துரு ஏறிவிட்டது. பித்தளைத் திருகு வாங்கியிருக்கிறேன்.

வெட்டிப்பேச்சு | ஜூன் 9, இரவு 10:30

எங்கள் ஊர் மூக்கையூர்ப் பக்கம். ஆடி மாதம் திருவிழா வருகிறது. இந்தத் துடுப்பு மூன்றையும் ஒரு நாளைக்கு அனுப்பினால் என்ன வாடகை?

மைக்செட் மகன் | ஜூன் 9, இரவு 10:52

அப்பா நோட்டில் எழுதியாகிவிட்டது: துடுப்பு மூன்று, ஆம்ப்ளிஃபயர் ஒன்று. குழாய் வேண்டாம் என்று சொல்கிற முதல் திருவிழா இதுதான் என்று சிரிக்கிறார். வண்டி வாடகை மட்டும் உங்களுடையது அண்ணே.